ஒன்பது மணித் திசையில் ஒரு கரடி

ஹீலி, அலாஸ்கா
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்பிற்குரிய மைத்துனர் ஹால்வர் அவர்களுக்கு,

எல்வுட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் கணப்பு அடுப்பும் நலம். அங்கே மினசோட்டாவில் தாங்களும் தங்கள் வலது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். தாங்கள் அன்புடன் சீட்டு வாங்கி அனுப்பிய வனப்பூங்கா பேருந்துச் சுற்றுலா எப்படி இருந்தது என்பது ஒன்று. செப்டம்பரில் வந்து குளிர்காலம் முடியும்வரை என்னோடு தங்கட்டுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் சுருக்கமானது: வேண்டாம். இருக்கிற ஒரே உபரி அறையில் விறகு அடுக்கியிருக்கிறேன். அதற்குப் போக வேறு இடம் கிடையாது. முதல் கேள்விக்குப் பதில் சற்று நீளம்.

மார்ச்சில் தங்கள் அக்கா சிக்னே காலமானதிலிருந்து நான் யாரோடும் பேசுவதில்லை என்று தங்களுக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள். அது பொய். தபால் நிலையத்தில் "ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கிறேன். "இல்ல எல்வுட்" என்கிறார்கள். இது உரையாடல் இல்லாமல் வேறென்ன? தவிர, சிக்னே போட்டுவைத்த முட்டைக்கோஸ் பாத்தியைத் தினமும் காலையில் ஒரு கடமான் வந்து மேய்கிறது. அதையும் திட்டுகிறேன். வீட்டு வாசலில் இலவசமாக நிற்கிற பிராணியின் சொந்தபந்தங்களைக் காசு கொடுத்துப் பார்க்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் மைத்துனர் வாங்கிய சீட்டு, மனிதர்களோடு கலந்து பழகச் சொல்லியிருக்கிறார் என்று, சவரம் செய்துகொண்டு கிளம்பினேன்.

பேருந்தில் எனக்குக் கிடைத்தது பின்வரிசையில் இடது ஜன்னலோரம். பக்கத்தில் ஒஹாயோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர், பெயர் கேஸ்கின்ஸ். "மலை வெளிய வந்திருக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். எங்கள் பக்கத்தில் மலை என்றால் ஒன்றுதான், அது பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். அவர் என்னிடம் ஏமாந்தது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொலைநோக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். அத்தோடு கலந்து பழகுதல் முடிந்தது.

ஓட்டுநர் எங்கள் ஊர் மார்வா, குளிர்காலத்தில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள். மைக்கைப் பிடித்து விதிகளைச் சொன்னாள். பேருந்தின் முகப்பு பன்னிரண்டு மணி, வால் ஆறு மணி. மிருகத்தைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் "நிறுத்து" என்று கத்தி, எத்தனை மணித் திசை என்று சொல்ல வேண்டும். மிருகம் பக்கத்தில் இருந்தால் மூச்சுவிடக் கூடாது. "வெக்கப்படாதீங்க. பாறையப் பாத்து கரடின்னு கத்தாதவங்க இந்த வண்டியில ஏறினதே இல்ல" என்றாள்.

ஒரு மணி நேரம் போனது. இலையுதிர் காலம் தொடங்கி, தரையோடு படர்ந்த செடியெல்லாம் சிவந்து கிடந்தது, தங்கள் அக்காவுக்குப் பிடித்த பருவம். முன்பு அவளும் நானும் இந்தப் பேருந்தில் வரும்போது கத்தியதே இல்லை. யார் முதலில் எதைப் பார்த்தாலும், மற்றவர் விலாவில் முழங்கையால் ஒரு குத்து. அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவது அவளுக்குப் பிடிக்காது. நான் அதை நினைத்துக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அப்பால் ஒரு கரடி தெரிந்தது. நிஜமாகத் தெரிந்தது, ஹால்வர், பழுப்பு முதுகு, கூன், எல்லாம். "நிறுத்து, ஒன்பது மணி" என்று கத்திவிட்டேன். என் குரலை நானே அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

வண்டி நின்றது. மொத்தப் பேருந்தும் என் ஜன்னலுக்குப் பாய்ந்தது. கேஸ்கின்ஸின் மோவாய் என் தலைமேல். டெக்ஸஸ்காரப் பெண்மணி ஒருத்தி எட்டிப் பார்ப்பதற்காக என் தோளில் கையை ஊன்றினாள். யாரோ என் முதுகில் முழுதாகச் சாய்ந்திருந்தார்கள்.

"எங்கய்யா, எங்க?"

"அந்தப் புதருக்கு மேல. சாப்பிடுது பாருங்க."

"காது தெரியுதுங்க."

"பொட்டைக் கரடி" என்றார் கேஸ்கின்ஸ், பல்லைப் பார்த்தவர் போல.

மார்வா மைக்கைத் தட்டினாள். "மன்னிக்கணும். அது பாறை. போன வருஷமும் அங்கயேதான் உக்காந்திருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும்."

"இல்லம்மா, அசைஞ்சுது. நான் பாத்தேன்" என்றாள் டெக்ஸஸ்காரி. எல்லோரும் அவள் பக்கம். மார்வாவுக்கு ஆதரவாக ஒருவர்கூட இல்லை. பாறையை வேண்டிய அளவு படம் பிடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. "உங்களுக்கு நல்ல கண்ணுங்க" என்று டெக்ஸஸ்காரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கோட்டின் அந்த இடம் வெகுநேரம் வெதுவெதுப்பாக இருந்ததாக எனக்குப் பட்டது. கம்பளி அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நானே பொறுப்பு. அடுத்து நான் கண்டதும் பாறை, அது பாறை என்று தெரிந்தேதான் கண்டேன். "நிறுத்து, ஒன்பது மணி." மறுபடியும் எல்லோரும் வந்தார்கள். என்மேல் சாய்ந்தார்கள். இந்த முறை கேஸ்கின்ஸ் குட்டியும் பார்த்தார். கண்ணாடியில் மார்வா என்னை முறைத்தாள். "எல்வுட், உங்க ஊர்க்காரியோட மானத்தக் கொஞ்சம் காப்பாத்துங்க" என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது முறைதான் தப்பு செய்தேன். எப்போதும் என் பக்கமே கூப்பிட்டால் சந்தேகம் வரும், வலது பக்கத்தாருக்கும் நியாயம் வேண்டும் என்று தோன்றியது. தூரத்துச் சரிவில் வெள்ளையாகச் சில கற்கள். "நிறுத்து, மூன்று மணி, மலையாடு" என்றேன். எல்லோரும் எழுந்து வலது பக்கம் ஓடினார்கள். கேஸ்கின்ஸும் மதிய உணவுப் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு ஓடினார். இடது பக்கம் முழுவதும் காலி. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் திருப்பினேன். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு ஓநாய் நின்றது. சாம்பல் நிறம், நனைந்த கால்கள். பின்னால் குட்டிகள், ஒன்றின் வாயில் யாருடையதோ கையுறை. தாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் சிக்னேயும் நானும் ஓநாயை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. நான் கத்தவில்லை. விதியை மதித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் வலது முழங்கை தன் பாட்டில் போய்ப் பக்கத்து விலாவில் குத்தியது. அங்கே விலா இல்லை. கேஸ்கின்ஸின் பெட்டி இருந்தது. நொறுங்கிவிட்டது.

ஓநாய்கள் புதருக்குள் போன பிறகு எல்லோரும் திரும்பினார்கள். கற்களில் நாலு ஆடுகளாம், ஒரு கிடாவாம். ரொம்பத் திருப்தி.

"நீங்க எழுந்து வரலியே. இந்தப் பக்கம் ஏதாவது இருந்துச்சா?" என்றார் கேஸ்கின்ஸ்.

"ஒண்ணுமில்ல" என்றேன். கரடியை நம்பினவர்தான். ஓநாயையும் நம்பியிருப்பார். அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பும்வரை என்னோடு பேசவில்லை.

ஆக, பேருந்து நன்றாக இருந்தது. மனிதர்களோடு கலந்து பழகியாயிற்று. ஓநாய் விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, தங்களிடம் சொல்லிவிட்டேன், தீர்ந்தது. இனி சீட்டு எதுவும் அனுப்ப வேண்டாம். தாங்கள் வருவதும் தேவையில்லை. தங்கள் முழங்காலுக்கு எங்கள் குளிர் ஆகாது. ஒரு வீட்டில் இரண்டு கிழவர்கள் இருந்தால் காப்பிக்குத்தான் கேடு. தாங்கள் எல்லா நலமும் பெற்று, அங்கேயே, நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்,
எல்வுட் பிரூயிட்

பின்குறிப்பு: மச்சான், ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். விறகையெல்லாம் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். இடம் இருக்கத்தான் செய்தது. செப்டம்பரில் ஓடுகிற கடைசிப் பேருந்தில் பின்வரிசையில் இரண்டு இருக்கை சொல்லிவைத்திருக்கிறேன். மார்வாவிடம் கேட்டேன், கரடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம், நீ வரும்வரை எங்கும் போகாதாம். ஜன்னல் எனக்கு, நீ என் வலப்பக்கம் உட்கார். தடித்த கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா, என் முழங்கை கொஞ்சம் கூர்மை.