மார்த்தா கேட்ட ப்ளக்

“ப்ளக்,” என்றார் மார்த்தா, மூன்றாவது முறையாக.

“யெஸ், யெஸ்,” என்றார் நல்லமுத்து, அவரும் மூன்றாவது முறையாக.

போலந்திலிருந்து கந்தப்பளைக்கு வந்திருந்த அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். கொழும்பில் இருபது வருஷம் பேக்கரியில் பாண் போட்டுவிட்டு ஊர் திரும்பிய நல்லமுத்துவுக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. இரண்டு கொஞ்சமும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் இந்த ‘ப்ளக்’தான்.

நல்லமுத்து முழிப்பதைப் பார்த்து, மார்த்தா கையைத் துணைக்கு அழைத்தார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் ஒரு விரலைக் காட்டினார்.

“டூ… அண்ட் ஒன்!”

நல்லமுத்துவின் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஒழுங்காக எரிந்த கடைசி பல்ப் அதுதான்.

“ஓகே, மேடம்! பைவ் மினிட்ஸ்!”

மார்த்தாவுக்கு வாயெல்லாம் பல். விரலால் நெற்றியில் ஒரு பட்டைக் கோடு இழுத்துக் காட்டினார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, “மை ட்ரீம்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

நல்லமுத்து குசினிக்கு ஓடினார். மனைவி பூரணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“பூரணி, அந்தம்மாவுக்கு ப்ளக் வேணுமாம். அவங்களோடது ரெண்டு முள்ளு. நம்ம சுவத்துல இருக்கிறது மூணு ஓட்டை. ரெண்டும் ஒண்ணும் சேர்ந்தாத்தான் மூணு. அதைத்தான் சொல்றாங்க. ஜன்னலுக்குக் கீழ இருக்கிற பொயிண்டைக் கூடக் காட்டிட்டாங்க.”

“நெத்தியில என்னமோ கோடு போட்டாங்களே?”

“தலையில மாட்டிப் பாட்டுக் கேக்குற சாமான் இருக்குல்ல? அதுலயும் சார்ஜ் இல்ல போல. அதைவிடு, ப்ளக்குங்கிறது அவங்க கனவாம்.”

பூரணி ரொட்டியைத் திருப்பிப் போட மறந்தாள். “கனவா? பாவம்ங்க. அவங்க ஊர்ல கரண்டே இல்லையோ என்னமோ.”

மார்த்தா அவர்களுடைய முதல் வெளிநாட்டு விருந்தாளி. ஏழு பேர்ச் சின்னக் காணியில் கட்டிய வீட்டின் முன்னறைக் கட்டிலுக்கு வெள்ளைத் துப்பட்டி விரித்து, மகள் நிலக்ஷிதான் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள். நிலக்ஷிக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில், நாள் முழுக்க நின்றபடி வேலை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் தூக்கம். போன கிழமை போனில் சொன்னாள்: “மொத விருந்தாளி நாலு நல்ல வார்த்தை எழுதிட்டா, அடுத்தடுத்து ஆள் வரும்ப்பா. நான் வேலைய விட்டுட்டு வந்து வீட்டுலயே இதைப் பார்த்துக்குவேன்.”

ஆகவே அந்த நாலு வார்த்தைக்கு எதிரே நின்றது ஒரே ஒரு ப்ளக்.

நல்லமுத்து கொப்பியை எடுத்தார். நுவரெலியாவில் விருந்தாளி வீடு நடத்துகிறவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தபோது எழுதியது. முதல் பக்கத்திலேயே இருந்தது: ‘வெளிநாட்டார் வந்தவுடன் கேட்பது ப்ளக். அவர்கள் போன் அணைந்தால் மனசும் அணையும். பேனா சொருகக் கூடாது.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

உதவிக்குச் சோலைமலையை அழைத்தார். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டு வயரையும் தொடத் தயங்காத ஆள். வயரிங் படித்தவரா என்றால் இல்லை. ஒருமுறை ஷாக் அடித்தும் சாகாதவர். அந்தத் தகுதி போதும் என்பது அவருடைய கருத்து.

அறைக்குள் மேசைமேல் கிடந்த மார்த்தாவின் சார்ஜரை சோலைமலை புரட்டிப் பார்த்தார். உருண்டையாக இரண்டு முள். சுவரில் சதுரமாக மூன்று ஓட்டை.

“இதுக்கா அண்ணே கூப்புட்டீங்க? மேல் ஓட்டையில ஒரு பேனாவைச் சொருகுங்க. கீழ ரெண்டும் தன்னால தொறந்துக்கும்.”

இந்த நாட்டில் பேனாக்கள் எழுதிய நேரத்தைவிடச் சுவரில் சொருகிக் கிடந்த நேரம் அதிகம். ஆனாலும் நல்லமுத்து கொப்பியை நீட்டினார்.

“கூடாதுன்னு எழுதியிருக்கு. ரெண்டு கோடு போட்டிருக்கேன், பாரு.”

“எதால போட்டீங்க?”

“பேனாவால.”

“அந்தப் பேனாவைக் குடுங்க.”

“சோலை! விருந்தாளி சாமான்ல வெளையாடாத!”

சோலைமலை வீட்டுக்குப் போய், அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த அடாப்டரோடு வந்தார். எல்லா நாட்டு ப்ளக்கும் போகும் என்றார். அதில் இருந்த ஓட்டைகளின் எண்ணிக்கைக்கு, எது எந்த நாடு என்று அதற்கே மறந்திருக்கும். முதலில் நல்லமுத்துவின் சொந்த சார்ஜரில், சொந்தப் போனை மாட்டிச் சோதிப்பது என்று முடிவானது. பாதுகாப்புக்காக.

சுவிட்சைப் போட்டார்கள்.

டப்!

நீலமாக ஒரு மின்னல். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. குசினியிலிருந்து பூரணியின் குரல் மட்டும் கரண்ட் இல்லாமலே வந்தது. “என்னாங்க பண்றீங்க அங்க?”

“போன் போச்சாடா?” என்றார் நல்லமுத்து.

“போன் போகலண்ணே. சார்ஜர்தான் போச்சு. போனுக்குச் சும்மா பசி மயக்கம்.”

ஒரு வழி இருந்தது. நிலக்ஷிக்குப் போன் போட்டு, மார்த்தாவிடம் பேசச் சொல்லலாம். ஆனால் அவள் நம்பர் அந்த மயங்கிக் கிடந்த போனுக்குள்தான் இருந்தது.

கருகல் வாடை வாசல் வரை போனது. அங்கே மார்த்தா தொப்பியும் சப்பாத்தும் போட்டு, யாரோ வந்து கூட்டிப்போவார்கள் என்பதுபோல் தயாராக நின்றார். மூக்கைச் சுளித்தார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மருமகள் பிரியந்தி அவசரமாகப் படியேறிப் போனாள்.

“பிரியந்தி! இந்தம்மாவைக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிக்கிட்டுப் போ, தாயி. ஆத்த அருவிய காட்டு.”

“நான் வேலைக்குல்ல போறேன் மாமா! ஏற்கனவே லேட்டு!”

“போற வழியில எதையாச்சும் காட்டு. என் போனும் செத்துக் கிடக்கு, நான் சொல்லி அனுப்புற வரைக்கும் வீட்டுப் பக்கம் கொண்டு வந்துறாத. வெடிச்சுக் கிடிச்சு வச்சுருச்சுன்னா போலந்துக்கு யாரு பதில் சொல்றது?”

பிரியந்தி மார்த்தாவைப் பார்த்து மேலே கையைக் காட்டினாள். மார்த்தா நல்லமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். “தேங்க் யூ! தேங்க் யூ!”

‘இன்னும் ஒண்ணுமே செய்யலையே’ என்று நல்லமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. ‘இவ்வளவு தங்கமான மனுசிக்கு ஒரு ப்ளக் குடுக்க வக்கில்லையே.’

விழுந்த ட்ரிப் சுவிட்ச் எழும்ப மறுத்தது. சோலைமலை அதைத் தட்டினார், கொஞ்சினார், கடைசியில் திட்டினார். பிறகு, “கோயில்லேருந்து ஒரு வயர் இழுத்துருவோம்ண்ணே,” என்றார்.

இழுத்தார்கள். முருகன் கோயிலிலிருந்து கொய்யா மரம் வழியாக, துணிக்கொடி வழியாக, பூரணியின் கோழிக்கூடு வழியாக. இணைத்ததும் வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை. பக்கத்து லயத்தில் வரிசையாக ஒட்டி நின்ற பன்னிரண்டு வீட்டிலும் இருந்த கரண்ட் போனது.

“கோயில் லைனும் லயத்து லைனும் ஒண்ணுன்னு இப்பத்தாண்ணே தெரியுது,” என்றார் சோலைமலை, ஏதோ கண்டுபிடித்த திருப்தியோடு.

லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் வீரம்மா வந்தாள், கையில் பாதி வெந்த சோற்றுப் பானையோடு. “யாருடா என் ரைஸ் குக்கரை நிப்பாட்டுனது?”

நல்லமுத்து அங்கே நிற்கவில்லை. முச்சக்கர வண்டியில் ஏறிக் கந்தப்பளை டவுனுக்கு, ஹமீதின் கடைக்குப் போய்விட்டார். ஓடவில்லை, நல்ல அடாப்டர் வாங்கத்தான் போனார் என்பது அவர் கட்சி.

“போலந்தா?” என்றார் ஹமீத். “ரெண்டு உருண்டைப் பின். வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரித்தான், பயமில்ல. இந்தாங்க, உள்ளுக்க பியூஸ் வச்சது. அந்தக் குவைத்துச் சாமானைத் தூக்கி வீசுங்க. அதுல எர்த்தும் இல்ல, ஒரு எழவும் இல்ல.”

“பெரிய உதவி, ஹமீத் நானா,” என்றார் நல்லமுத்து, அண்ணன் முறை சொல்லி.

“ஒண்டு கேக்கட்டா முத்தண்ணே? தூர நாட்டுக்குப் போறவங்க இப்படி ஒண்டைக் கையோட கொண்டு வருவாங்களே. அவங்க கொண்டு வரல்லியா?”

“கொண்டு வந்திருந்தா என்கிட்ட ஏன் நானா கேக்குறாங்க?”

ஹமீத் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார்.

திரும்பி வந்து பார்த்தால், அடாப்டர் சுவரில் அம்சமாகப் பொருந்தியது. மார்த்தாவின் சார்ஜர் அடாப்டரில் அம்சமாகப் பொருந்தியது. நல்லமுத்து நான்கடி தள்ளி நின்று அழகு பார்த்தார்.

“எல்லாம் இருக்குங்க,” என்றாள் பூரணி. “கரண்ட்தான் இல்ல.”

“அதுக்கும் வழி வச்சிருக்கேன் அண்ணி,” என்றார் சோலைமலை.

அந்த வழி, தேருக்கு லைட் போட வைத்திருந்த கோயில் ஜெனரேட்டர். நாலு பேர் தூக்கி வந்து மார்த்தாவின் ஜன்னலடியில் வைத்தார்கள். கயிற்றை இழுத்தார்கள். ஜெனரேட்டர் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு மலையே அதிரக் கத்தியது. வெள்ளைத் துப்பட்டி சாம்பல் நிறத்துக்கு வந்தது. கோழிகள் கூரைக்குப் போயின. இழுத்துவிட்ட வயர் இன்னும் கோயிலோடுதான் சேர்ந்திருந்தது என்பதால், கம்பத்து ஒலிபெருக்கியும் உயிர்பெற்றது. போன திருவிழாவில் பாதியில் நின்றுபோன பக்திப் பாட்டு, நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது.

பாட்டுக் கேட்டதும் கீழ் லயத்து ஆட்கள் தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்கள். எதற்குப் பூசை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு அறையை எட்டிப் பார்ப்பதும், அங்கே சுவரில் புத்தம் புதிதாக ஏதோ இருப்பதும் தெரிந்தது. வீரம்மா ரைஸ் குக்கரை மறந்து, ஹமீதின் அடாப்டருக்குக் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தினாள்.

“தொட்டுறாதீங்க ஆச்சி! கரண்ட்!” என்று கத்தினார் நல்லமுத்து.

“சாமின்னா சக்தி இருக்கத்தான் செய்யும், போடா,” என்றாள் வீரம்மா.

மத்தியானம் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதியது. எல்லாம் தயார். சுவரில் ப்ளக், ப்ளக்கில் கரண்ட், கரண்டுக்குக் குங்குமம். நல்லமுத்து முகம் கழுவி, சட்டை மாற்றி, மார்த்தாவை வரவேற்க வாசலில் நின்றார். படியில் பிரியந்தி இறங்கி வந்தாள். தனியாக.

“எங்க தாயி அவங்க?”

“வர மாட்டேங்கிறாங்க மாமா.”

“கோவிச்சுக்கிட்டாங்களா? வேற இடம் தேடிப் போறாங்களா?” என்ற நல்லமுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “போச்சு பூரணி. புள்ள அந்தக் கடையிலயேதான் நிக்கணும் போல. ஒரு ப்ளக்கு… ஒரே ஒரு ப்ளக்கு குடுக்க முடியாம…”

பூரணி அவர் தோளில் கைவைத்தாள். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டாள்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா,” என்ற பிரியந்தி, இடுப்பிலிருந்து கறுப்பாக ஒரு சாமானை எடுத்து நீட்டினாள். “உங்க போன் செத்துப்போச்சுன்னு சொன்னேன். இதைக் குடுத்து விட்டாங்க. பவர் பேங்க்காம். பை நெறைய வயரும் அடாப்டரும் வச்சிருக்காங்க, ஒரு கடையே போடலாம்.”

நல்லமுத்து ஒன்றும் புரியாமல் போனை அதில் மாட்டினார். போன் கண் திறந்தது. திறந்ததும் நிலக்ஷியின் குறுஞ்செய்தி. பூரணிக்குக் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தார்.

“‘அப்பா, ஏன் போன் எடுக்க மாட்டேங்கிறீங்க? மார்த்தா நம்ம பக்கத்துல எழுதிட்டாங்க. அஞ்சு நட்சத்திரம்! ப்ளக்தான் என் கனவுன்னு சொன்னேன், வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துல ஏற்பாடு பண்ணிட்டாரு, இப்படி ஒரு மனுசனைப் பார்த்ததே இல்லன்னு எழுதியிருக்காங்க. நான் கடையில சொல்லிட்டேன். அடுத்த மாசம் பெட்டியோட வர்றேன்.’”

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெனரேட்டர் ஒருமுறை விக்கி நின்றது. ஊரே அமைதியானது.

“ஏற்பாடு பண்ணிட்டேனா?” என்றார் நல்லமுத்து. “அந்த ப்ளக்கை அவங்க இன்னும் கண்ணாலயே பாக்கலையே!”

பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அவங்க காலையிலேருந்து எங்க தேயிலை நெரையிலதான் மாமா நிக்கிறாங்க, நெத்தியில கயித்தப் போட்டுக் கூடைய மாட்டிக்கிட்டு, ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுறாங்க; கொழுந்து எடுக்கிறதுக்கு இங்கிலீசுல ‘ப்ளக்’குன்னுதான் பேராம்.”