இளைப்புக்கு ஒரு குழாய்

காரின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடப் போன கந்தவேலுக்கு, மனைவியின் சேலை அடுக்குக்கு அடியில் ஒரு குழாய் கிடைத்தது.

முழங்கை மடங்கியது போல வளைந்த அலுமினியக் குழாய். கூடவே கூம்பு வடிவத்தில் ஒரு சிவப்பு பில்ட்டர், நான்கு கிளிப்புகள், ஒரு சிறிய எண்ணெய்ப் புட்டி, படம் போட்ட தாள். அட்டைப்பெட்டியின் மேல் பூவாத்தாளின் பெயர் இருந்தது.

பூவாத்தாள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பருப்பு டப்பாவில் இருந்து பட்டா வரை எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கந்தவேல் படம் எடுத்து, ராசிபுரத்து மெக்கானிக் அன்பரசுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"அது கோல்டு ஏர் இன்டேக்குங்கண்ணா," என்றான் அன்பரசு. "இன்ஜின் சூட்டுக் காத்தை இழுக்காம, வெளிய இருக்கற குளுந்த காத்தை இழுக்கறதுக்கு. கொஞ்சம் இழுவை கூடும், சத்தம் ரொம்பக் கூடும். பசங்கதான் வாங்கி மாட்டுவாங்க. உங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கில்ல. உங்கக்கா வாங்கி வெச்சிருக்கா."

"அக்காவா?" என்றான் அன்பரசு. "செரி, அவசரப்படாதீங்க. திங்கக்கிழமை வந்து நான் மாட்டித் தாரேன்."

திங்கட்கிழமை கார் இருக்குமா என்பதுதான் கேள்வி. மறுநாள் ஞாயிறு, அயோத்தியாப்பட்டணத்தில் பேத்திக்குக் காது குத்து. மகன் மதன் முடிவாகச் சொல்லியிருந்தான். "நாளைக்குத் தனியா ஓட்டிக்கிட்டு எட்டு மணிக்குள்ள வந்து சேந்துட்டீங்கன்னா, விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா, நடுவழில நின்னு போன காரை வாங்க ஆள் ரெடியா இருக்குதுப்பா."

பூவாத்தாள் ஐம்பது வயதில் ஓட்டப் பழகிய சிவப்புக் கார் அது. மேடு ஏறும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் இருந்து கந்தவேல் கேலி செய்வார். "உன்ற காருக்கு எளப்பு நோவு. டாக்டர்கிட்டக் காட்டு." அவள் பதில் சொல்லாமல் கியரை மாற்றுவாள்.

பதில்தான் பெட்டியில் வந்திருக்கிறது என்று இப்போது அவருக்குப் பட்டது. அவள் வாங்கியதை அவள் காரில் மாட்டாமல் எப்படிப் போவது?

முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓட்டியவர் அவர். மத்தியப் பிரதேசத்துப் பாறையை எல்லாம் காற்றாலேயே துளைத்தவர். படம் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு பானட்டைத் திறந்தார்.

பழைய ஏர் பில்ட்டர் டப்பா கறுப்பு பிளாஸ்டிக்கில், சோற்றுக் குண்டா அளவுக்கு இருந்தது. நட்டுகள் கையாலேயே கழன்று வந்தன. அவருக்கு அது வியப்பாக இருந்தது. ரிக்கில் ஆறு மாதத்து நட்டுக்கே சுத்தியல் வேண்டும். இது ஏழு வருடத்து நட்டு.

டப்பாவின் அடியில் ஒரு செம்பழுப்பு இறகு கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கோழி இறகு. இதற்குள் கோழி எப்படிப் போனது என்று யோசித்தார். நாமக்கல் மாவட்டத்தில் இறகு பறக்காத இடம் எது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஆராயியின் தலை தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரி. பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கிறவள்.

"என்னங்கண்ணா, காரைப் பிரிச்சுப் போட்டுட்டீங்க?"

"புதுசு மாட்டறேன் ஆராயி. இந்த டப்பா இனி வேண்டாம். உனக்கு எதுக்காச்சும் ஆவுமா?"

"அடைகோழிக்கு ஆவுமுங்க." வாங்கியவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "நெசமாவே வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாக்கலாமுங்களே."

"காத்தோட பொழச்சவன் நானு. காத்து விசயத்துல எனக்கு ரோசனை சொல்றியா?"

"நான் எதுக்குங்க சொல்றேன்," என்று ஆராயி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

குழாயை மாட்டினால் பில்ட்டர் பேட்டரியில் இடித்தது. கந்தவேல் குழாயைக் கீழ்நோக்கித் திருப்பி, பில்ட்டரை பம்பருக்கு அடியில் இறக்கினார். குளிர்ந்த காற்று தரையோரம்தான் இருக்கும்.

அடுத்தது எண்ணெய். பில்ட்டரில் தடவக் கொடுத்திருந்த புட்டி பாதிதான் இருந்தது. "பாதிப் புட்டி அனுப்பி ஏமாத்தியிருக்கான் பாரு," என்றார். அந்தக் காலத்துக் கம்ப்ரசர் பில்ட்டர் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கில் ரிக்கில் இருந்து கொண்டுவந்த கேனைத் திறந்து அரை லிட்டர் ஊற்றினார். பில்ட்டர் அவ்வளவையும் குடித்தது.

சாவியைத் திருப்பினார். கார் ஊளையிட்டது. ஆராயியின் கோழிகள் முருங்கை மரத்தில் ஏறின. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பித் தெருவை மறைத்தது.

"ஏனுங்கண்ணா," புகைக்குள் இருந்து ஆராயியின் குரல் வந்தது, "பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கறாங்களா?"

"எண்ணெய் எரியுது. கொஞ்ச தூரம் ஓடினா அடங்கிரும்."

தெருமுனை வரை ஓட்டினார். அங்கே களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சளைப் பாலீஷ் போடும் டிரம் சுற்றிச் சுற்றிப் பொடியைக் கக்கியது. தரையோரக் குளிர்ந்த காற்றோடு சேர்த்து அந்தப் பொடியையும் கார் இழுத்தது. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

களத்து ஆட்கள் நான்கு பேர் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். கந்தவேல் குனிந்து பார்த்தார். எண்ணெயில் மஞ்சள்பொடி அப்பி, கூம்பு பில்ட்டர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தது.

"ஒரு அருகம்புல்லு சொருகுனா கும்புட்டுக்கலாமுங்க," என்றாள் ஆராயி.

கந்தவேலுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு தொல்லை பிடித்த சாமானை பூவாத்தாள் எதற்காகத் தேடி வாங்கினாள் என்ற யோசனைதான் திரும்பத் திரும்ப வந்தது. எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவள் இல்லை அவள். கத்தரிக்காயைக்கூட நாலு கடை பார்த்துத்தான் வாங்குவாள்.

பில்ட்டரை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தார். மறுபடி மாட்டி, தூசி போகாமல் இருக்கப் பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டினார். சாவியைத் திருப்பி ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஊளை ஏறியது. சட்டென்று நின்றது.

இறங்கிப் பார்த்தால், இழுத்த இழுப்பில் கிளிப் நழுவிக் குழாய் கழன்றிருந்தது. வேட்டியின் பாதி இன்ஜினின் வாய்க்குள் இருந்தது. மீதிப் பாதி நாக்குத் தள்ளியது போல வெளியே தொங்கியது.

மணி நான்கு. அன்பரசைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"எண்ணெய் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"அரை லிட்டர்."

"நாலு சொட்டு விடற எடமுங்கண்ணா அது." பெருமூச்சு விட்டான். "காத்து அளக்கற சென்சாரு எண்ணெய்ல முங்கியிருக்கும். ஆறு மணிக்கு வாரேன், தொடைச்சுத் தந்தர்றேன். ஆனா அந்தக் குழாயோட நாளைக்கு நீங்க ஊரு தாண்ட முடியாது. பழைய டப்பா இருக்குதுங்களா?"

"இருந்தா?"

"இருந்தா காலைல அயோத்தியாப்பட்டணம் போயிரலாம். இல்லைன்னா சேலத்துல இருந்து புது டப்பா வரத் திங்கக்கிழமை ஆயிரும்."

கந்தவேல் போனை வைத்தார். அடையில் உட்கார்ந்த கோழியை எழுப்பக் கூடாது. இருபத்தொரு நாள். எழுப்பினால் முட்டை அத்தனையும் கூழாகும். ஆராயியிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று புரியவில்லை. சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினார். பில்ட்டரைக் கழுவியபோது அப்பிய மஞ்சள் போகவில்லை. அப்படியே போய் அவள் வாசலில் நின்றார்.

"ஆராயி, வந்து... கோழி ஒக்காந்திருச்சா?"

"காலைலயே ஒக்காந்திருச்சுங்க. பன்னண்டு முட்டை."

மதன் சொன்ன ஆள் அவர் மனக்கண் முன்னே வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான். "செரி, இருக்கட்டும். அதை எழுப்பாத," என்று திரும்பினார்.

"நில்லுங்கண்ணா." ஆராயி உள்ளே போய்க் கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். கழுவி, துடைத்து, நட்டுகளைக்கூட ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி உள்ளே வைத்திருந்தாள்.

"கோழி?"

"அதைக் கூடையில வெச்சிருக்கறனுங்க."

"நான் திரும்பி வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆராயி அவருடைய மஞ்சள் முகத்தைப் பார்த்தாள்.

"போன வருசம் மாசியில, நீங்க திருச்செங்கோடு போன அன்னிக்கு, அக்காவும் காலைல இதே டப்பாவைக் குடுத்துட்டு, சாயங்காலம் இதே மூஞ்சியோட இங்கதான் வந்து நின்னாங்க, அண்ணனுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் சிரிப்பாருன்னு கோழியை எறக்கி வாங்கிட்டுப் போனாங்க."