மெம்பரை வானத்துக்கு ஏற்றிய பின்கட்டு

சிபாரிசு மேல் எனக்கு ஒரு காலத்தில் இருந்த நம்பிக்கை, சாமி மேல்கூட இருந்ததில்லை. பெரிய மனுஷர் ஒருவர் மனசு வைத்தால் நடக்காத காரியமே கிடையாது என்று பூந்தமல்லி பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த நம்பிக்கை ஒரு நாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேட்டில், எங்கள் தொகுதி சட்டசபை மெம்பரோடு சேர்ந்து அந்தரத்தில் தொங்கியது.

வெள்ளைக்காரன் இருக்கும்போதே நம்ம ஆட்கள் மந்திரிசபை அமைத்திருந்த சமயம். பூந்தமல்லியிலிருந்து பட்டணத்துக்கு என் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று வாங்கிய ஒரே பஸ். முதலாளியும் நான், டிரைவரும் நான். அது நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

காய்கறிக் கூடைக்காரர்கள் இடமில்லாமல் தினமும் ரோட்டோரம் நின்றுபோவதைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை உதித்தது. (எனக்கு யோசனை உதித்தாலே வீட்டில் பயப்படுவார்கள்.) ஆசாரியைக் கூப்பிட்டு, பஸ்ஸின் வால்பக்கம் நாலடிக்குப் பலகை அடித்து, கூரை போட்டு, பெஞ்சும் வைத்து நீட்டிவிட்டேன். பின்கட்டு என்று பெயரும் வைத்தேன். வீட்டுக்குப் பின்கட்டு இருக்கலாம், பஸ்ஸுக்கு இருக்கக் கூடாதா?

கூடாது என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். வருஷா வருஷம் வண்டியைச் சோதித்து சர்டிபிகேட் தரும் அதிகாரிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

"பின்சக்கரத்துக்கு அப்பால இவ்வளவு நீளம் இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குய்யா. அறுத்துட்டு வா, சர்டிபிகேட் தரேன்" என்றார்.

சர்டிபிகேட் இல்லாமல் பஸ் ரோட்டில் ஏற முடியாது. ஒழுங்கான மனுஷன் பலகையை அறுத்திருப்பான். நான் ரூலையே அறுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

"அந்த ஆளு சொன்ன மாறி அறுத்துட்டு வேலயப் பாரேன்யா" என்றாள் என் மனைவி கன்னியம்மா.

"ஒனக்கு இன்னா தெரியும்? ராஜ்ஜியமே நம்ம கையில கீது. நாலடிப் பலகைக்கு நடுங்கறியே" என்று சொல்லிவிட்டு மெம்பர் வீட்டுக்குப் போனேன்.

மெம்பர் கதர் சட்டைக்குள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டிய அளவுக்கு ஒல்லி. தங்கமான மனுஷர். எலெக்‌ஷனில் அவருக்காக என் பஸ்ஸில்தான் கொடி கட்டி ஓட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரன் போட்ட ரூல்தானே, மாத்திட்டாப் போச்சு. மொதல்ல நானே ஏறிப் பாக்குறேன். இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லு" என்றார்.

சோதனை ஓட்டத்துக்குக் குறித்த நாளில் மாவிலைத் தோரணம், மேளம், நாயனம், ஊரே திரண்டு வந்தது. மெம்பரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். அங்கேதான் வினை. அவர் பக்கத்தில் சரிசமமாக உட்கார ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அடுத்த வரிசையில் உட்காரலாமா என்றால், அதுவும் மரியாதை இல்லையாம். "நீ குந்து அண்ணாத்தே", "ஐயய்யோ நான் இன்னா, நீ குந்து" என்று ஆளாளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் ஊர் மொத்தமும் பின்கட்டில் நெருக்கியடித்து நின்றது. மேளக்காரர்களும் அங்கேதான். மெம்பர் வீட்டுக்கு என்று நான் ஏற்றிய கத்தரிக்காய் மூட்டைகளும் அங்கேதான். இன்ஸ்பெக்டர் மட்டும், "நான் சைக்கிள்ல வரேன்" என்று சொல்லிவிட்டார்.

ஏரிக்கரை ஏற்றத்தில் ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அடடா, இன்றைக்கு நம்ம டிரைவிங் என்ன அருமை என்று எனக்கே பெருமை. அப்புறம் முன்கண்ணாடியில் ரோட்டைக் காணோம். வானம்தான் தெரிந்தது. பஸ் நாய் குந்துவது மாதிரி பின்பக்கம் குந்திவிட்டது. பின்கட்டு மண்ணில் குத்தி நிற்க, நானும் மெம்பரும் உச்சியில் இருந்தோம். நாயனக்காரர் இதுவும் வைபவத்தில் சேர்த்தி என்று நினைத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

கீழே ஜனங்கள் குதிக்கப் பார்த்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தரும் எறங்கக் கூடாது. நீங்க மொத்தமா எறங்கினா முன்பக்கம் தரையில அடிக்கும். மேல இருக்குறவங்க முதுகெலும்பு மிஞ்சாது."

சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தார். முன்பக்கம் கயிறு கட்டி, ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுப் பிடிக்க வைத்தார். பிறகுதான் ஒவ்வொருவராக இறக்க ஆரம்பித்தார். மெம்பர் ஜன்னல் கம்பியைக் கட்டிக்கொண்டு, காதில் மாலை தொங்க, மேலேயிருந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்ஸ்பெக்டர், அந்த ரூலை இன்னும் யாரும் மாத்திடலையே?"

"இல்லீங்க. அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் மெம்பர்.

பஸ் பூ மாதிரி தரையில் இறங்கியது. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. ஏரி நிறைந்த ஒரு சந்தை நாளில், கைக்குழந்தைக்காரிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தால் அன்றைக்கே என் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கலாம். அவரோ ஆசாரியை வரவழைத்து, அதே இடத்தில் பின்கட்டை அறுக்க வைத்து, பஸ்ஸை ஓட்டிப் பார்த்து, என் கையில் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் போய்விட்டார். என் குடும்பம் இன்று சாப்பிடும் சோறு அந்த மனுஷன் வளைந்து கொடுக்காததால் வந்த சோறு.

மெம்பரும் சும்மா இருக்கவில்லை. மேலிடத்தில் சிபாரிசு செய்யத்தான் செய்தார், ரூல் அனுமதிக்கும் நீளத்தில் இன்னும் ஓர் அடி குறைக்கச் சொல்லி.

பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியை முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தோம். எங்கள் ஆட்கள் வழக்கம்போல் மரியாதையாக ஒதுங்கிப் பின்வரிசைகளில் நெருக்கிக்கொண்டார்கள். கன்னியம்மா தாம்பாளமும் கையுமாக நின்று ஒரே சத்தம் போட்டாள்.

"யாராச்சும் முன்னாடி போய்க் குந்துங்கடா, அந்தாளு மேல போய்டப் போறாரு."

பந்தல் முழுக்கச் சிரித்தது. ஒன்றும் புரியாத சம்பந்தி தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். நான் முதல் ஆளாக ஓடிப்போய் அவர் பக்கத்தில் அழுத்தமாக உட்கார்ந்தேன்.