மகள் கல்யாணத்தில் நான் போட்ட முழங்கால்

சும்மா உட்கார்ந்திருக்கவும் ஒரு திறமை வேண்டும். அது என்னிடம் ஏராளமாக இருந்தது.

டவுன் பஸ் கண்டக்டராக நின்றே காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முழங்கால்களும் வலிக்க ஆரம்பித்தன. தருமபுரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம், தினமும் நடங்கள், தொடைக்குப் பயிற்சி செய்யுங்கள் என்றார். தேய்மானம் என்றதுமே என் காது மூடிக்கொண்டது. தேய்ந்த டயரை யாராவது ஓட்டுவார்களா? ஷெட்டில்தானே போடுவார்கள்? அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிதான் என் ஷெட். (காபி, பேப்பர், ரிமோட் எல்லாம் என்னைத் தேடி வரும். கொண்டுவரும் மனைவியின் முகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.)

அந்தச் சமயத்தில் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா லூர்துமேரி என்னைவிட மூத்தவர், நல்ல கனம். பஸ்ஸை விட்டு ஹைவேயில் இறங்கி, வீடுவரை நடந்தே வந்தார். அவருக்கும் இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று கேட்டுப் பதறிவிட்டேன். ஆட்டோவில் வந்திருக்கலாமே என்றேன்.

"நடந்தாத்தானுங்கண்ணா எனக்கு வலி அடங்குது," என்றார். (மூத்தவர்தான், ஆனாலும் சம்பந்தி முறையில் நான் அண்ணா.)

பாவம், விவரம் தெரியாதவர் என்று பிறகு மனைவியிடம் சொன்னேன்.

கல்யாணத்தன்று மாதா கோயில் நிறைந்திருந்தது. பூசையில் எல்லோரும் முழங்காலிடும் நேரம் வந்தது. முடியாதவர்கள் நாற்காலியிலேயே இருக்கலாம் என்று ஃபாதர் முன்பே சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா அப்படியே உட்கார்ந்து தலை குனிந்தார். பெண்ணைப் பெற்றவன் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருப்பதா என்று நான் தரையில் முழங்காலிட்டேன். இறங்குவது சுலபமாகத்தான் இருந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. பட்டு வேட்டிக்குள் இரண்டு கால்களும் யாருடைய கால்களோபோல அசையாமல் கிடந்தன. வலியில் கண்ணீர் வழிந்தது. மகளைப் பிரிகிற துக்கம் என்று பின்னால் ஒரு அத்தை விசும்பினார். என் பக்தியைப் பார்த்து வெட்கப்பட்டு, முன்வரிசையில் சிலர் மறுபடி முழங்காலிட்டார்கள். ஃபாதர் பூசையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சம்பந்தியம்மாவுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. எதையும் பிடிக்காமல், ஒரு முனகல்கூட இல்லாமல், திருவிழாத் தேர் அசைந்து கிளம்புவதுபோல நாற்காலியைவிட்டு எழுந்தார். அந்த நாற்காலியையே என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு கையும் இதுல ஊனுங்கண்ணா. வலி கம்மியா இருக்குற கால முன்னால வெய்ங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

முழங்கையைப் பிடித்து ஒரு தூக்கு. நின்றுவிட்டேன். நானோ ஒரு மூட்டை எடை. அவர் கால்கள் நடுங்கக்கூட இல்லை. எனக்கு இருக்கும் அதே தேய்மானம்தான் அவருக்கும். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிப் பூசையை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் கேட்டேன். விடிந்ததும் ஏரிக்கரையில் மெதுவாக நடப்பாராம். வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவாராம். ஆரம்பத்தில் அழுதுகொண்டே செய்தாராம்.

"வலி போயிடலீங்கண்ணா. என் வேலைய நானே செஞ்சுக்கறேன், அது போதும்."

மறுவாரமே நானும் நடக்கத் தொடங்கினேன். வலி இன்னும் இருக்கிறது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

கல்யாண வீடியோ எடுத்தவர் அந்தக் காட்சிக்கு உருக்கமான வயலின் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டிருக்கிறார். என் பேத்திக்கு அதைப் போட்டால்தான் சோறு இறங்கும்.

"தாத்தாவ ஆயா தூக்குறதப் போடு," என்பாள்.