எந்தக் குழி?

ஓர் அலுவலகம் குழி தோண்டினால் அதை அந்த அலுவலகமே மூட வேண்டும் என்பது உலக வழக்கு. வழக்குத்தானே தவிர, சட்டம் அல்ல.

தையல்கார அக்காவின் கடை வாசலில் இருந்த குழி அரசு முறைப்படி தோண்டப்பட்டது. பூமிக்குள் குழாய் கசிகிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள், தோண்டினார்கள், பார்த்தார்கள். கசியவில்லை. கசியாததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள்தான், திரும்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குழியின் மேல் ஒரு பலகை. பலகையின் மேல் நடக்கத் தைரியம் உள்ளவர்கள்தான் வாடிக்கையாளர்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு காலை வைத்தார், பலகை முனகியது, காலை எடுத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இதை மூடிட்டுச் சொல்லி அனுப்பும்மா. இல்லன்னா சீருடை ஆர்டர் பெரிய கடைக்குத்தான்."

அந்த ஆர்டரை நம்பித்தான் கடையே ஓடுகிறது. வீட்டுக்காரர் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில். வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை கொழுந்தன் ஒருவன்தான். அவனும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுப்பதைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் லாயக்கில்லாதவன். அக்கா தானே குழி தோண்டின அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அவள் போன நேரம், அலுவலகத்தில் ஒரு புது மோஸ்தர் பிறந்திருந்தது. அதிகாரி ஆங்கில இலக்கணப் பயிற்சி முகாமுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். போவதற்கு முன்னால் அவர் சும்மா கையெழுத்துப் போடாமல் இருந்தார். வந்த பிறகு இலக்கணப்படி கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

"சார், வாசல்ல குழி. மூடணும்."

"குழி..." அதிகாரி அந்தச் சொல்லை நாக்கில் வைத்துச் சப்பிப் பார்த்தார். "குழின்னு மொட்டையா வந்து நின்னா எப்படிம்மா? எந்தக் குழி?"

"நீங்க தோண்டினது சார்."

"நாங்க தோண்டினது ஊர் முழுக்க இருக்கு." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இதுக்குத்தான் இங்கிலீஷ்காரன் ஒரு வழி வச்சிருக்கான். இன், ஆன், அட், பிஹைண்ட்னு ஒரு சின்னச் சொல். அதுக்கு வாலா ஒரு பேர்ச்சொல். ரெண்டும் சேர்ந்து, முன்னாடி போற பேரைக் கப்புனு பிடிச்சுக்கும். பிடிச்சதும் அது எதுன்னு தெரிஞ்சுடும். பிரிபொசிஷனல் ஃபிரேஸ்! வெறும் 'பிட்'னா யாரோ ஒருத்தன் வீட்டுக் குழி. 'த பிட் இன் ஃப்ரன்ட் ஆஃப் த ஷாப்'னா உங்க குழி."

"அதைத்தானே சார் நானும் சொன்னேன்? வாசல்லன்னு."

"சொன்னா ஆச்சா? எழுதணும். இங்கிலீஷ்ல எழுதணும். ஃபிரேஸ் இல்லாத மனு இனிமே இந்த வாசப்படி ஏறாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கொழுந்தன் முகத்தில் வெளிச்சம் வந்ததே, பார்க்க வேண்டும்! "அண்ணி, இப்படி ஒரு நாள் வரும்னு எனக்குத் தெரியும்" என்று பேனாவைத் திறந்தான். தையல் கடைக்கு முன்னால் உள்ள குழி என்று இலக்கணம் பிசகாமல் எழுதிக் கொடுத்தான்.

மனு திரும்பி வந்தது. "குழி சரி. ஆனா கடை மொட்டையா நிக்குதே. எந்தக் கடை?"

சலூனுக்கு எதிரே உள்ள தையல் கடை என்று சேர்த்தான். எந்தச் சலூன் என்று திரும்பி வந்தது. நீலக் கதவு வைத்த சலூன் என்று சேர்த்தான். சலூன்காரர் தன் கதவு இங்கிலீஷில் ஏறிவிட்ட சந்தோஷத்தில் அதற்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் பச்சை. மனு திரும்பி வந்தது.

எல்லாம் சரியாகி அக்கா கொண்டுபோனபோது அதிகாரி வேறொரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"பேரெல்லாம் சரிம்மா. இந்த 'மூடவும்' பாவம், அம்போன்னு நிக்குது. ஃபிரேஸ் பேரை மட்டுமா பிடிக்கும்? வினையையும் பிடிக்கும். எதால மூடணும்? எப்போ மூடணும்? எப்படி மூடணும்?"

"மண்ணால மூடுங்க சார். பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி மூடுங்க. எப்படியாச்சும் மூடுங்க!"

கொழுந்தன் மூன்றையும் சேர்த்தான். 'எப்படியாவது' என்பது மரியாதையாக இல்லை என்று, அந்த இடத்தில் 'வித் கைண்ட்னஸ்' என்று போட்டான். அன்போடு மூடவும்.

மனுவைப் படித்த அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. "இந்த ஊர்ல இவ்வளவு துல்லியமா அடையாளம் காணப்பட்ட பொருள் வேற எதுவும் இல்லம்மா" என்றார். அதை மாதிரி மனுவாகச் சுவரில் ஒட்டச் சொன்னார். அக்கா மனசு குளிர்ந்து வீட்டுக்கு வந்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. அலுவலகத்துக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடம் ஊரிலேயே அது ஒன்றுதான் என்று ஆனபின், யார் மனு போட்டாலும் அந்தக் குழியைப் பிடித்தே போட ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைக்காரர் குழிக்கு அருகில் விளக்குக் கம்பம் கேட்டார், உடனே அனுமதி. சலூன்காரர் குழிக்கு எதிரே உள்ள சாக்கடையைத் தூர் வாரச் சொன்னார், அனுமதி. அக்காவின் கடை உரிமம்கூட அந்த வாரம் புதுப்பித்து வந்தது: 'த ஷாப் பிஹைண்ட் த பிட்'. குழிக்குப் பின்னால் உள்ள கடை.

"சார், குழியை எப்ப மூடுவீங்க?"

அதிகாரி பதறிப்போனார். "மூடறதா? அந்தக் குழியைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை மனு தொங்குதுன்னு தெரியுமாம்மா? மூடினா அத்தனையும் அந்தரத்துல நிக்கும்."

"அப்ப என் கடைக்கு ஆள் எப்படி சார் வரும்?"

"அதுக்குத் தனியா ஒரு மனு குடுங்க. குழியைக் குறிப்பிட மறந்துடாதீங்க."

அக்காவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. நேரே வீட்டுக்கு வந்தாள். "எழுதினது போதும், மண்வெட்டியை எடுடா!" என்று கொழுந்தனை ஒரு அதட்டல். ஓரத்தில் குவிந்திருந்த மண்ணை இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். தெருவில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வேடிக்கை பார்க்க எல்லோரும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் தரை சமமாகிவிட்டது. சாயங்காலமே தலைமை ஆசிரியை வந்து அதன்மேல் கம்பீரமாக நடந்து, "நாளைக்கு உரிமத்தைக் காட்டிட்டு ஆர்டரை வாங்கிக்கோ" என்றார். அப்பாடா என்று இருந்தது அக்காவுக்கு.

மறுநாள் காலையில் விளக்குக் கம்பத்தைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி வந்து நின்றது.

"குழி எங்கம்மா?"

"மூடிட்டேன்."

"அப்ப இது அந்த இடம் இல்ல." கம்பம் வந்த வழியே திரும்பிப் போனது.

மருந்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிட்டே தங்கச்சி! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலியே!" சாக்கடை ஆட்களும் வந்து, தேடி, திரும்பினார்கள். சலூன்காரர் அக்காவோடு பேச்சை நிறுத்தினார்.

அடுத்து அலுவலகத்துச் சிப்பந்தி வந்து ஒரு தாளை நீட்டினார். குழிக்குப் பின்னால் உள்ள கடையை நேரில் சென்று தேடியும் அப்படி ஒரு கடை காணப்படாத காரணத்தால் உரிமம் ரத்து.

"இதோ, நான் இங்கதானே நிக்கறேன்!" என்று அலறினாள் அக்கா.

"நீங்க நிக்கறீங்கக்கா. கடைதான் இல்ல."

உரிமம் இல்லை என்றால் ஆர்டர் இல்லை. அக்கா தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எழுந்தாள், அளவு நாடாவை எடுத்தாள், வாசலில் மண்டிபோட்டு சாக்கட்டியால் கோடு கிழித்தாள்.

மூடும்போது கை கொடுக்காத தெரு, தோண்டும்போது திரண்டு வந்தது! மருந்துக் கடைக்காரர் கடப்பாரையோடு வந்தார். சலூன்காரர் வெட்டின மண்ணைக் கூடையில் அள்ளினார். அந்தத் தெருவில் அப்படி ஒரு ஒற்றுமையை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பழைய குழி கோணல்; இது தையல்காரி அளவெடுத்த குழி, ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தது.

உரிமம் உயிர் பெற்றது. கம்பம் வந்தது. சாக்கடை ஓடியது. தலைமை ஆசிரியை உரிமத்தை வாங்கி இரண்டு தரம் படித்து, "இவ்வளவு நல்ல இங்கிலீஷா!" என்று சொக்கிப்போய் ஆர்டரைக் கொடுத்தார். அளவெடுக்க வந்த பிள்ளைகள் குழிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். கொழுந்தன் அங்கே நின்று அளந்து கூவ, அக்கா இந்தப் பக்கம் குறித்துக்கொண்டாள். அதிகாரி தாமே வந்து, பலகைக்கு மட்டும் வழி விட்டு, குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து, அடுத்த தெருப் பெட்டிக் கடைக்காரி பலகை மேல் தத்தித் தத்தி வந்து வாசலில் நின்றாள். வயிற்றெரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"அக்கா, உங்க தெருவுக்கு மட்டும் எல்லாம் நடக்குது. எங்க தெருவை நாய்கூடச் சீந்த மாட்டேங்குது. நீங்க சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்க. எங்களுக்கும் ஒரு குழி வேணும்க்கா."

அக்கா மிஷினை நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வந்தவளை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"குழின்னு மொட்டையா வந்து நின்னா எப்படிம்மா?" என்றாள். "எந்தக் குழி?"