பூஜ்யம் ஏற்கப்படாது

கணினி நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பியது. ‘நிலக்கரி இருப்பு: பூஜ்யம் ஏற்கப்படாது.’

திருவாதவூருக்கு அருகே ஒரு சிறு கிராமத்தின் நிர்வாக அலுவலர் தமிழ்வாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லையும் கருவேலத்தையும் தவிர அந்த ஊர் மண் எதையும் தந்ததில்லை. ஆனால் ஐந்து மணிக்குள் கனிமவளப் படிவம் போகாவிட்டால் அவளுடைய இடமாறுதல் மனு பட்டியலில் ஏறாது. வீடு உசிலம்பட்டியில். மகள் முத்துமீனா விழிக்கும் முன் பேருந்து ஏறி, அவள் தூங்கிய பின் வீடு திரும்புவது மூன்று வருடமாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

கிராம உதவியாளர் வெள்ளைத்துரை வெகுநேரம் யோசித்தார். ஊரில் கரி வைத்திருப்பது இஸ்திரி வண்டிக்காரர் பேயாண்டி ஒருவர்தான் என்றார்.

“அது மரக்கரிண்ணே. இவங்க கேக்குறது நிலக்கரி.”

“மூட்டைய நிலத்துலதான மேடம் வச்சிருக்கான்?”

தமிழ்வாணி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். ‘ஒரு மூட்டை’ என்று அடித்தாள்.

டன்னில் சொல் என்றது கணினி. ஒரு டன் ஆயிற்று. பரப்பு கேட்டது. இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தை வெள்ளைத்துரை காலடி வைத்து அளந்து வந்தார். ஒரு ஹெக்டேருக்குக் குறைந்து அது எடுக்கவில்லை. ஒரு ஹெக்டேர் ஆயிற்று. அவ்வளவு பரப்புக்கு ஒரு டன் போதாதாம். அதுவே ஓர் எண்ணைப் போட்டு, பொருளாதார மதிப்பு நாற்பது கோடி என்று கணக்கிட்டு, பச்சை எழுத்தில் நன்றி சொன்னது.

மறுநாள் ஊரில் பத்திரப் பதிவு நின்றது. கனிமவளம் உள்ள கிராமமாம். வயல் விற்க இருந்தவர்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். பேயாண்டி துணி தேய்ப்பதை விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவலுக்கு உட்கார்ந்தார். தமிழ்வாணியைக் கண்டதும் எழுந்தார்.

“எம்புட்டு ஆழத்துல கிடக்குன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க தாயி.”

தவறைத் திருத்த வழியில்லை. திருத்தப் படிவத்திலும் பூஜ்யம் ஏறவில்லை. வெள்ளைத்துரை சொன்ன யோசனைப்படி, இருப்பு தீர்ந்துவிட்டதாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நாற்பது கோடிக் கரியை அள்ளியது யார் என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் கிடைக்கும்வரை மாறுதல் நிறுத்திவைப்பு.

அன்று மதியமே மாவட்ட அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். மூட்டையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துப் பார்த்தார். இருந்த இடத்திலேயே வைத்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

“தப்புதான் சார்,” என்றாள் தமிழ்வாணி. “இல்லைன்னு சொன்னா அது எடுக்கவே மாட்டேங்குது.”

அவர் கைபேசியுடன் வேப்பமரத்தடிக்கு நடந்தார். இன்னும் எத்தனை வருடம் மகளைத் தூக்கத்திலேயே பார்க்க வேண்டுமோ என்று தமிழ்வாணி அப்படியே நின்றாள்.

ஜீப் ஓட்டுநர் நல்லகாமன் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“விடுங்கக்கா, காலையிலருந்து நாங்க பாக்குற ஏழாவது இஸ்திரி வண்டி இது, உசிலம்பட்டிப் பக்கம் உங்கள மாதிரி ஒரு வி.ஏ.ஓ. பரோட்டாக்கடை அடுப்ப எட்டு ஹெக்டேர்னு காட்டியிருக்காரு, அவரையும் உங்களையும் ஊர் மாத்திப் போடச் சொல்லி ஐயா வரும்போதே எழுதிட்டாரு, தண்டனையாம்.”