இன்னும் கொஞ்சம் அங்கால

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் காலை ஆறரைக்கு, மருதமுனையிலிருந்து அறுகம்பேக்கு ஒரு வேன் புறப்பட்டது. சாரதிக்குப் பக்கத்தில், மடியில் சுமை எதுவுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஸஹீதைக் கவனியுங்கள். ‘அங்கால மனிதர்’ என்ற இனத்துக்கு அவர் நல்ல மாதிரி. எந்த இடத்தைக் காட்டினாலும் அதைவிட நல்ல இடம் இன்னும் கொஞ்சம் அங்கால இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அதைக் கேட்கக்கூடாது.

பின்னால் அவர் மனைவி ஸுஹைறா. காலடியில் புறியாணிச் சட்டி, மடியில் மாற்றுடுப்புப் பை. ஆறு பெருநாளாக அந்தப் பை அறுகம்பேக்குப் போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது. முழங்காலளவு கடலில் ஒருதரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வீட்டுக்குப் பின்னால் கடல் இல்லையா? இருக்கிறது. அவள் அதில் இறங்கிக் கரையேறுவதற்குள் தெரு முழுக்கக் கதை போய்விடும்.

திருக்கோவிலில் ஸஹீத் இறங்கி, இடுப்பில் கைவைத்து, குர்பானுக்கு அறுக்க மாடு வாங்க வந்தவர்போலக் கடலை மேலும் கீழும் பார்த்து நிழல் போதாதென்றார். கோமாரியில் நிழல் இருந்தது, காற்று சரியில்லை. பொத்துவிலில் நிழலும் காற்றும் சரி, ஆனால் பக்கத்தில் வேறொரு குடும்பம் பாய் விரித்திருந்தது. இன்னொருவர் முதலில் கண்ட இடத்தில் இந்த இனம் சோறு தின்னாது.

அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் பலகைகளில் படுத்து அலைக்காகக் காத்திருந்தார்கள். ஸுஹைறா ஒரு செருப்பைக் கழற்றினாள்.

“இஞ்சருங்க, இதுதானே அறுகம்பே?”

“ஓம். எல்லாரும் வாற இடம்.”

“நாமளும் வரத்தானே வந்த.”

“கொஞ்சம் பொறுகா. பாணமைக்கு அங்கால ஒரு இடம் இரிக்காம். நிழல், கிணறு எல்லாம் இரிக்காம். கூட்டாளி ஸஜாத் சொன்னவன்.”

“ஸஜாத் அங்க போனவரா?”

“அவனுக்குத் தெரிஞ்ச ஒராள் போனவராம்.”

செருப்பு காலுக்குத் திரும்பியது.

பாணமைக்கு அங்கால தார் முடிந்து மண் பாதை வந்தது. மூன்று மணிக்கு, பாதை நடுவில் ஒரு யானை நின்றது. சாரதி பஸால் வேனை நிறுத்தினார்.

“ஸஹீத் நானா, இனிப் போக ஏலா.”

“கொஞ்சம் ஒதுங்கினாப் போயிரலாம்.”

“ஆரு, நாமளா ஆனையா?” என்றாள் ஸுஹைறா.

ஆறிப்போன புறியாணியை முழங்கையை ஒடுக்கிக்கொண்டு வேனுக்குள்ளேயே தின்றார்கள். திரும்பும் வழியில் அறுகம்பே மறுபடி வந்தது. மஃரிப் தொழுகைக்கு முதல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றார் ஸஹீத். வேன் நிற்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர்தான் என்று எண்ணாதீர்கள். இதை வாசிக்கும்போதே, இரண்டு பக்கம் தள்ளி இதைவிட நல்லதொன்று இருக்குமென்று உங்கள் விரல் தாளின் ஓரத்தைத் தூக்கியிருந்தால், அதை மெதுவாகக் கீழே வையுங்கள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஸுஹைறா இரண்டு மதினிமாரோடு அறுகம்பேக்குப் பஸ் ஏறினாள். ஸஹீதிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்; தானும் வருவதாக அவர் சொல்வதற்குள் போய்விட்டாள். பதினொரு மணிக்கு அவருடைய வட்ஸ்அப்பில் ஒரு படம் விழுந்தது: முழங்கால்வரை நனைந்த மூன்று கறுப்பு அபாயாக்கள். ஸஹீத் படத்தை விரலால் பெரிதாக்கி, அவர்களுக்குப் பின்னால் தெரிந்த கரையை நெடுநேரம் ஆராய்ந்தார்.

“நல்லம். அந்தப் பாறைக்கு அங்கால போய்ப் பாத்தீங்களா?”

பதில் வர இரண்டு மணித்தியாலம் சென்றது.

“இல்ல. இன்னும் இஞ்சதான் நிக்கிறம்.”